கரியனுக்கு வெள்ளை வந்த கதை

முன்னொரு காலத்திலே, மலைகளுக்குக்கூட மந்திரம் தெரிந்திருந்த காலத்திலே, மழை விடாத ஒரு பச்சை நாட்டில் ரோமானி மக்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு வண்டிதான் வீடு. சக்கரத்துக்கு மேலேயே அடுப்பு, கட்டில், பூப்போட்ட திரை எல்லாம் உண்டு. அந்த வீட்டையே இழுக்கும் குதிரையும் குடும்பத்தில் ஓர் ஆள். அதனால் மேடு வந்தால் எல்லாரும் இறங்கி நடந்துவிடுவார்கள். அது அவர்கள் வழக்கம்.

அந்தக் கூட்டத்தில் கேஸியா என்றொரு பெண். அவள் புருஷன் லெவி தங்கமான ஆள்தான், ஆனால் உடம்பு கொஞ்சம் வளையாது. ஒருநாள் பனிமலை ஏறும்போது மழை கொட்டியது. "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டான். பாதி மலையில் குதிரை மூச்சு வாங்கி நின்றது. அந்த மலையில் நின்ற வண்டி கல்லாகிவிடும் என்பது அங்கிருந்த மந்திரவாதி போட்ட மந்திரம். வண்டி, லெவி, குதிரை மூன்றும் கல்லாகிவிட்டன.

பின்னால் நடந்துவந்த கேஸியாவுக்கு மிஞ்சியது அந்தக் குதிரையின் குட்டி மட்டும்தான். உச்சி முதல் குளம்பு வரை கன்னங்கறுப்பு. கரியன் என்று பெயர் வைத்துத் தன் தட்டு ரொட்டியையே ஊட்டி வளர்த்தாள். அகல மார்பு, குட்டைக் கால், கண்ணை மறைக்கும் பிடரிமயிர். குழந்தைகள் வயிற்றுக்கடியில் புகுந்து விளையாடினாலும் காலை அசைக்க மாட்டான், செல்லம்!

அவன் வளர்ந்ததும் கேஸியா மந்திரவாதியிடம் போனாள். "என் புருஷனைக் குடு!"

"ஒரே ஒரு வண்டி நிற்காம உச்சிக்கு வரட்டும், எல்லாக் கல்லுக்கும் உயிர் வரும்" என்று சிரித்தான் அவன். "ராஜாவோட பந்தயக் குதிரையே பாதியில படுத்துடுச்சு. இந்தக் குட்டைக்காலனா வரப்போறான்?"

"வருவான்" என்றாள் கேஸியா.

கரியனைப் பூட்டி வேறொரு வண்டி புறப்பட்டது. உள்ளே ஒருத்தரும் இல்லை. கூட்டமே கூட நடந்தது.

மந்திரவாதி ஊதினான். பாதை கண்ணாடியாய் உறைந்தது. கரியன் வழுக்கினான். "நிக்காதடா கரியா, நிக்காத!" கேஸியா தன் கம்பளிச் சால்வையைக் கிழித்து அவன் காலடியில் வீசினாள். அது நாலு குளம்பையும் சுற்றிக்கொண்டது. கரியன் நடந்தான்.

மந்திரவாதி மறுபடி ஊதினான். மாயப்பனி கொட்டியது. பட்ட இடமெல்லாம் மரத்து வெளுத்தது. "நிக்காதடா கரியா, நிக்காத!" எல்லாரும் ஓடிவந்து கையாலும் கன்னத்தாலும் அவனைப் பொத்திக்கொண்டார்கள். கரியன் நடந்தான்.

மூன்றாவதாக மந்திரவாதி ஊதவே இல்லை, இனி ஊதாமலே கரியன் நின்றுவிடுவான் என்று நினைத்தான். ஏனென்றால் வழியில் கல்லாய் நின்றது கரியனின் தாய். வண்டிக்குள் கல்லாய் லெவி. பாவம், கேஸியாதான் "லெவி" என்று அங்கேயே நின்றுவிட்டாள். கரியன் தாயைப் பார்த்தான். கண்ணீர் வழிந்தது. ஆனாலும் நிற்கவில்லை. போகிற போக்கில் கேஸியாவின் முதுகை மூக்கால் நெட்டித் தள்ளி, அவளையும் நடத்திக்கொண்டே போனான்.

உச்சியில் சக்கரம் ஏறியதும் மந்திரவாதி உருகி ஓடையாய் ஓடினான். கீழே தாய்க்குதிரை கனைத்தது. கேஸியா இறங்கி ஓடினாள்.

"இறங்குய்யா கீழே!"

"இறங்கிட்டேன், இறங்கிட்டேன்!" என்று குதித்தான் லெவி. அப்புறம் சாகும்வரை அவன் மேட்டில் வண்டி ஏறவே இல்லை.

சால்வை கரியனின் காலோடு ஒட்டிக் குஞ்சம் குஞ்சமாய் மயிராகிவிட்டது. உடம்பில் கறுப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாய்ப் படிந்துவிட்டன. பெயரை மாற்ற மட்டும் கேஸியாவுக்கு மனம் வரவில்லை.

அவன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அப்படியேதான் பிறந்தார்கள். அந்த வம்சத்துக் குதிரையை எங்காவது பார்த்தால் நீங்களும் தொட்டுப் பாருங்கள். வெள்ளையெல்லாம் பனி தொட்ட இடம். கறுப்பெல்லாம் அவனுடைய மனுஷர்கள் கைவைத்துக் காத்த இடம்.