வெல்டுக்குப் பக்கத்தில்

“உடைஞ்சது என் வெல்டு இல்லீங்க அம்மிணி. அதுக்குப் பக்கத்துல உடைஞ்சா நான் என்ன பண்ணுவேன்?”

மருதாசலம் இப்படிக் கேட்பது முதல் தடவையல்ல. ஜமீலாவுக்குக் காது புளித்துப்போயிருந்தது.

மேட்டுப்பாளையத்துக்கு மேலே, மலைச்சாலையின் முதல் வளைவில் அவள் பட்டறை. மலையில் அடிபட்ட அலுமினிய சைக்கிள்கள் எல்லாம் அவளிடம்தான் வரும். அவள் குரு. அவளைவிட இருபது வயது மூத்த மருதாசலம் சீடர். மில்லில் இரும்பு பாய்லருக்கு வெல்டு வைத்தே தலை நரைத்தவர். ஓய்வு பெற்றதும் அலுமினியம் படிக்க வேண்டும் என்று வந்து சேர்ந்தார்.

வந்தது படிக்க. செய்ததெல்லாம் வாதம்.

ஜமீலாவும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். வெல்டு வைக்கும் சூட்டில் அக்கம்பக்கத்து அலுமினியம் பலம் இழந்துவிடும். ஃபிரேம் முழுவதையும் உலையில் வைத்துச் சூடேற்ற வேண்டும். தண்ணீரில் முக்க வேண்டும். மெத்தென்று இருக்கும்போதே கோணல் எடுக்க வேண்டும். பிறகு இளஞ்சூட்டில் நெடுநேரம் போட்டு வைக்க வேண்டும். அப்போதுதான் எல்லா இடத்துக்கும் பலம் திரும்பும்.

மருதாசலம் தலையாட்டுவார். ஆட்டிவிட்டு, சூட்டால் கெட்டது சூட்டால் எப்படிச் சரியாகும் என்று கேட்பார். இரும்பாவது சிவந்து காட்டும், இது சொல்லாமல் கொள்ளாமல் உருகிவிடுகிறதே என்று அலுத்துக்கொள்வார். வெல்டு வராதவனுக்குத்தான் உலை என்று வாடிக்கையாளரிடமே ஒருநாள் சொல்லிவிட்டார்.

இப்போது உடைந்து வந்திருப்பது ஒரு வங்கி மேனேஜரின் சைக்கிள். ஜமீலா கல்யாணத்துக்குப் போயிருந்தபோது உலைக்குக் காட்டாமல் இவரே கொடுத்தனுப்பியது. நல்லவேளை, மலையில் உடையாமல் மேனேஜர் வீட்டு வாசலிலேயே உடைந்தது. இப்படி ஒரு சீடர் வாய்த்தால் எந்தக் குருவுக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

அது போதாதென்று அன்றைக்கு நிலவரசியின் சைக்கிள் வேறு. கல்லூரிப் பெண். மறுநாள் காலை கோத்தகிரியிலிருந்து மலையிறங்கும் பந்தயம். ஒரு வருடமாக அதற்காகவே பழகியவள். சைக்கிளில் ஹேண்டிலுக்குக் கீழே, ஃபிரேமின் கழுத்தில் விரிசல். மத்தியானமே தந்துவிடுவதாக மருதாசலம் வாக்குக் கொடுத்திருந்தார், குருவைக் கேட்காமலே.

வெல்டு என்னவோ அழகுதான். வரிவரியாகப் பின்னல் போட்டது மாதிரி இருந்தது.

“உலைக்குப் போகட்டும்,” என்றாள் ஜமீலா.

“போனா நாளைக்குச் சாயந்திரம் ஆயிருமுங்க. பந்தயம் போயிருமில்லீங்களா? இந்த வெல்டுல என்ன குறை, சொல்லுங்க.”

“ஒரு குறையும் இல்லீங்ண்ணா.”

“அப்பறம் என்னங்க? குடுத்துடலாம்.”

ஜமீலா கழற்றி வைத்திருந்ததை எல்லாம் மாட்டினாள். சைக்கிளை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வாசலிலிருந்தே சரிவு. கீழிருந்து லாரிகள் முக்கிக்கொண்டு ஏறி வந்தன.

அவள் ஏறி உட்கார்ந்தாள்.

“எங்கீங்க?”

“அடிவாரம் வரைக்கும். ஓட்டிப் பாத்துட்டுக் குடுத்துடலாம்.”

மருதாசலம் ஓடிவந்து சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்ண்ணா.”

விடவில்லை.

“குறையில்லாத வெல்டுதானுங்களே?”

அவர் சீட்டை இறுக்கிப் பிடித்திருந்த தன் கையையே பார்த்தார்.

“எறங்குங்க அம்மிணி.”

சக்கரங்களை அவரே கழற்றினார். உலையையும் அவரே பற்றவைத்தார்.

மத்தியானம் நிலவரசி வந்தாள். சைக்கிள் நாளைச் சாயந்திரம்தான் கிடைக்கும் என்று மருதாசலம் அவளிடம் சொன்னார். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு கத்தினாள். வாக்குக் கொடுத்து ஏமாற்றிய கிழவன் என்றாள். நீங்கள் எல்லாம் எதற்குத் தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டாள். அழுதுகொண்டே போனாள்.

மருதாசலம் உலை ஓரமாக உட்கார்ந்துவிட்டார். மில்லில் இருந்த காலம் முழுவதும் அவரை யாரும் இப்படிப் பேசியதில்லை. அவமானமாக இருந்தது.

“இந்தத் திட்டு திட்டிட்டுப் போகுதுங்களே அந்தப் புள்ள.”

ஜமீலா உலையின் சூட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“திட்டட்டுமுங்ண்ணா. திட்டறதுக்கு அந்தப் புள்ள இருக்குதில்லீங்களா?”