பேண்ட் வண்டிக்குப் புதுத் தரை

சுண்டங்குளத்தில் மொத்தம் மூன்று முட்டாள்கள். மூன்று பேரும் ஒரே பேண்ட் செட்டில் இருந்தோம். டிரம்பெட் சூசை அண்ணன். எங்கள் தலைவர், டிரைவரும் அவரே. பெரிய டிரம் வெயிலுமுத்து. கிளாரினெட் நான். மூவரில் கொஞ்சம் விவரமானவன் நான்தான் என்று ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தேன். மற்ற இரண்டு பேரும் தங்களைப் பற்றி அப்படியே நம்பினார்கள்.

எங்களிடம் மூக்கு நீண்ட பழைய காலத்துப் பிக்கப் வண்டி ஒன்று உண்டு. ஊர்வலத்தில் அண்ணன் ஓட்டிக்கொண்டே ஊதுவார்; நாங்கள் இருவரும் பின்தட்டில் நின்று வாசிப்போம். போன கோயில் கொடைத் திருவிழாவில் அதன் மரத்தரை உளுத்துப்போய், வெயிலுமுத்து இடுப்புவரை உள்ளே இறங்கிவிட்டான். கால் ரோட்டில், டிரம் மேலே. தெருமுனை வரைக்கும் வண்டியோடு ஓடிக்கொண்டே அடித்தான்.

"கத்தியிருக்கலாமேடா?" என்றேன்.

"நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதேன்னு அண்ணன் சொல்லியிருந்தாரே."

அடுத்த வெள்ளிக்கிழமை முத்தார்பட்டியில் மாப்பிள்ளை அழைப்பு. நாங்கள் போகாவிட்டால் ரோஜா பேண்ட் போய்விடும். அதற்கப்புறம் அந்தப் பக்கம் எங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள். உலகநாத ஆசாரியிடம் ஓடினோம். அவர் இடுப்பு பிடித்துப் படுத்திருந்தார்.

"நீங்களே செஞ்சுக்கலாம்ப்பா. பழைய பலகையைப் பார்த்து அச்சு அசலா வெட்டுங்க. எண்ணெய் தேய்ச்சு ரெண்டு நாள் வெயில்ல கிடக்கணும். அப்பத்தான் மழைக்குத் தாங்கும். கடைசியா பலகையெல்லாம் சேர்த்து இறுக்கிடுங்க. அவ்வளவுதான்."

அச்சு அசலாகவே வெட்டினோம். நீள அகலம் அரை மணி நேரத்தில் முடிந்தது. வெயிலுமுத்து விழுந்த ஓட்டையைச் செதுக்கத்தான் ஒரு நாள் முழுக்க ஆனது. ஓரத்துப் பிசிறுகூட விடவில்லை. வண்டியில் பரப்பி, சோதித்துப் பார்க்க அவனையே ஏற்றினோம். பொத்தென்று இடுப்புவரை இறங்கினான்.

"அண்ணே, அளவு கச்சிதமா இருக்கு!" என்றான் சந்தோஷமாக.

சந்தேகம் எனக்குத்தான் வந்தது. ஆசாரிக்குப் போன் போட்டேன். நடந்ததையெல்லாம் கேட்டார். பிறகு, "ஒரு ஓட்டைகூட இல்லாம வெட்டுங்கடா!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

வேறு பலகை வாங்கி, ஓட்டையே இல்லாமல் வெட்டினோம். அடுத்தது எண்ணெய்.

"யார் கிடக்கணும்?" என்று கேட்டார் அண்ணன்.

"பலகையா இருக்கும்" என்றேன்.

"பலகைன்னு அவர் சொன்னாரா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை.

பலகைகளை நிழலில் பத்திரமாக அடுக்கிவிட்டு, நாங்கள் மூவரும் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு மொட்டைமாடியில் இரண்டு நாள் கிடந்தோம். சித்திரை வெயில். என் முதுகு அப்பளம் மாதிரி உரிந்தது. "இனிமே எந்த மழைக்கும் தாங்குவோம்" என்று வெயிலுமுத்து தைரியம் சொன்னான். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால், பழைய தரையில் இருந்த போல்ட்டெல்லாம் கையில் நிற்கிறது.

"இதையெல்லாம் எங்கே மாட்ட?" என்றேன்.

"ஓட்டையே கூடாதுன்னுட்டாரே" என்றார் அண்ணன். "சேர்த்து இறுக்கத்தானே சொன்னார்?"

பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். ஒரு கயிறுகூட வண்டியில் படவில்லை. முத்தார்பட்டி போய்ச் சேரும்வரை தரை எப்படியோ இருந்தது. ஊர்வலத்துக்காக வெயிலுமுத்து மேலே ஏறினான். அண்ணன் வண்டியை நகர்த்தியதும், தரை மொத்தமும் அவனோடு பின்பக்கமாக வழுக்கி ரோட்டில் இறங்கியது.

அண்ணன் சுற்றிவந்து பார்த்தார். "ஒரு ஆள் கனம் போதாது. மூணு பேரும் மேலே நின்னாத்தான் அசையாது."

"அப்ப வண்டியை யார் ஓட்ட?" என்றேன்.

தரையைத் திரும்ப வண்டியில் ஏற்றி, மூன்று பேரும் மேலே ஏறி நின்றோம். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் மாப்பிள்ளையின் மாமன், மச்சான் எல்லோரும் சேர்ந்து வண்டியைத் தள்ளினார்கள். தள்ளு தள்ளு என்று ஊரே கத்தியது. அவசரம் பொறுக்காமல் மாப்பிள்ளையும் மாலையோடு வந்து கை கொடுத்தார்.

தெருவைத் தாண்டியதும் ரோடு கண்மாயைப் பார்த்துச் சரிவு. தள்ளியவர்கள் கையை எடுத்தும் வண்டி நிற்கவில்லை.

"அண்ணே, பிரேக்கு!" என்றேன்.

"நான் இறங்கினா தரை வழுக்கிடும்டா!"

நியாயமாகத்தான் பட்டது. வாசித்துக்கொண்டே போனோம். வண்டி நேராகக் கண்மாய்க்குள் இறங்கியது. கட்டிவைத்த தரை எங்கள் மூவரோடு மிதந்து நடுவே போய் நின்றது. கரையில் மாப்பிள்ளை வீடு மொத்தமும் வாயைப் பிளந்து நின்றது. பக்கத்தில் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர், "இடுப்பளவுத் தண்ணிதான்யா. இறங்கி நடங்க" என்றார்.

இறங்கக் காலைத் தூக்கினேன். அண்ணன் தடுத்தார்.

"யார் இடுப்பு? அவர் இடுப்பா, எருமை இடுப்பா? கேளுடா."

கேட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். எருமையை ஓட்டிக்கொண்டு கரையேறிவிட்டார்.

"பார்த்தியா, அவருக்கே தெரியலை" என்ற அண்ணன், அடுத்த பாட்டுக்கு டிரம்பெட்டைத் தூக்கினார்.