அல்லி கேட்ட இருட்டு

காட்டோரத்தில் ஒரு பயணியர் விடுதி இருந்தது. அதன் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அந்தத் தொட்டியில் செம்பன், அல்லி என்று இரண்டு தங்க மீன்கள் வாழ்ந்தன. செம்பன் கணவன், அல்லி மனைவி. தொட்டியின் அடியில் ஒரு நத்தை குடியிருந்தது. மேலே சுவரில் ஒரு பல்லி.

விடுதியைச் சுற்றிலும் தேக்கு மரங்கள். பகலிலும் கூடம் மங்கலாகவே இருக்கும். அதனால் காவலாளி மாசிலாமணி காலையில் கூடத்தைப் பெருக்கும்போது தொட்டியின் விளக்கைப் போடுவார். பொழுது சாய்ந்து கதவைச் சாத்தும்போது அணைப்பார். பிறகு தோளில் கிடக்கும் பழைய துண்டை எடுத்துத் தொட்டியின் மேல் போர்த்துவார்.

“தூங்குங்க சாமிகளா! காலையில பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போவார்.

முன்பு அங்கே மூன்றாவதாகவும் ஒரு மீன் இருந்தது. அது செம்பனின் தம்பி கருவாலன். ஒரு நாள் மாசிலாமணி தொட்டியின் மூடியையும் துண்டையும் போட மறந்துவிட்டார். அன்று இரவு துள்ளிய கருவாலன் தரையில் விழுந்து மாண்டான். விடிந்து விளக்கு எரிந்தபோது தொட்டியில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

அன்று முதல் மாசிலாமணி மூடியை மறந்ததில்லை. அன்று முதல் செம்பனுக்கு இருட்டைக் கண்டால் நடுக்கம்.

இதைப் பல்லி கவனித்தது. அதற்கும் ஒரு குறை இருந்தது. விளக்கு அணைந்ததும் பூச்சிகள் ஜன்னல் பக்கம் வருவதில்லை. பாதி வயிற்றோடுதான் அது படுக்க வேண்டியிருந்தது.

ஒரு மாலை அது கண்ணாடியோரம் இறங்கி வந்தது.

“செம்பா! உன் தம்பியை யாரு கொண்டு போனது தெரியுமா?”

“யாரும் கொண்டு போகல. மூடி இல்லாம கீழ விழுந்து செத்தான்.”

“எப்ப விழுந்தான்? பகல்லயா? இருட்டுல! பகல்ல ஒருத்தராவது விழுந்திருக்கீங்களா?”

செம்பன் யோசித்தான். யாரும் விழுந்ததில்லை.

“நாளைக்கு விடியும்போது அல்லியக் காணோம்னா என்ன பண்ணுவ?”

செம்பன் அல்லியைத் திரும்பிப் பார்த்தான். “நான் என்ன செய்ய முடியும்? சுவிட்ச் என் கையிலயா இருக்கு? எனக்குக் கையே இல்லையே!”

“வால் இருக்குல்ல! அவரு விளக்க அணைச்சதும் கண்ணாடியில முட்டு. துள்ளு. தண்ணியத் தெறிக்க விடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

அன்று மாசிலாமணி விளக்கை அணைத்தார். உடனே செம்பன் துள்ளினான். மடேர் மடேர் என்று கண்ணாடியில் மோதினான். அவர் பதறிப்போய் விளக்கைப் போட்டார். செம்பன் அடங்கினான். அணைத்தார். செம்பன் மறுபடி மோதினான்.

“என்னடா செம்பா, இருட்டுன்னா பயமா? விளக்கு எரியட்டுமா?”

அந்த நேரம் பார்த்து மேலே சுவரில் பல்லி, “ச்சு ச்சு ச்சு!” என்றது.

மாசிலாமணி அண்ணாந்து பார்த்தார். தரையை விரலால் மூன்று முறை தட்டினார். “பல்லியே சொல்லிருச்சு. அப்புறம் என்ன!” என்று விளக்கை எரியவிட்டுப் போய்விட்டார். துண்டும் அவர் தோளிலேயே போயிற்று.

பூச்சிகள் மொய்த்தன. பல்லி வயிறு புடைக்கத் தின்றது. செம்பன் அல்லியைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

“கண்ணு கூசுதுங்க. தூக்கம் வரல” என்றாள் அல்லி.

“ரெண்டு நாள்ல பழகிடும். நீ தூங்கு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்.”

“மூடிக்க நமக்கு இமை இல்லீங்க. ராத்திரிதான் நமக்கு இமை.”

“இருட்டுல நீ தெரிய மாட்டேங்கிறியே அல்லி!”

“தெரியலன்னா என்ன? பக்கத்துலதானே இருந்தேன்? விடியிற வரைக்கும் வாலோட வால் பட்டுக்கிட்டுத்தானே கிடந்தோம்?”

ஆனாலும் மறுநாள் மாலையும் செம்பன் மோதினான். அதற்கு மறுநாளும் மோதினான். பிறகு மாசிலாமணி விளக்கை அணைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

நாட்கள் போயின. அல்லியின் நிறம் வெளுத்தது. போட்ட தீனி அப்படியே மிதந்தது. தொட்டியில் சாய்ந்து கிடந்த ஒரு கல்லுக்கு அடியில் கொஞ்சம் நிழல் இருந்தது. அவள் அங்கே போய் ஒடுங்கினாள். செம்பன் விடவில்லை.

“வெளிய வா அல்லி! அங்க இருந்தா உன்னப் பாக்க முடியல!”

அவள் வெளியே வந்தாள்.

கண்ணாடியில் பாசி படர்ந்தது. தண்ணீர் பச்சையாகத் திரிந்தது. நத்தைக்கு ஓய்வே இல்லை.

“செம்பா, பாசின்னா எனக்கு விருந்து. பத்து நாளா வயிறு கொள்ளாம திங்கிறேன். இருந்தும் சொல்றேன், இந்த வெளிச்சம் ஆகாது. பகலெல்லாம் எரிஞ்சது போதும். ராத்திரிக்கு விட்டுரு!”

“போய்யா! ஓட்டுக்குள்ள சுருண்டு தூங்குறவனுக்கு என் கஷ்டம் என்ன தெரியும்?”

“அதைத்தான் நானும் சொல்றேன். எனக்கு ஓடு இருக்கு. அவளுக்கு என்ன இருக்கு?”

செம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒரு நாள் காலை அவன் அல்லியைத் தேடினான். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எங்கும் பச்சை. ஒரு முழத் தூரத்தில் இருந்தவளை அவனால் பார்க்க முடியவில்லை. “அல்லி! அல்லி!” என்று கூவிக்கொண்டே அலைந்தான். கடைசியில் அவன் வாலில் அவள் வால் பட்டது. அப்படித்தான் கண்டுபிடித்தான்.

அவள் தரையோடு சாய்ந்து கிடந்தாள்.

“ஏங்க… ஒரே ஒரு ராத்திரி. கொஞ்சம் இருட்டு கிடைக்குமா?”

செம்பனுக்கு அப்போதுதான் புத்தி வந்தது. “கிடைக்கும் அல்லி! இன்னிக்கே கிடைக்கும்! நான் அசையவே மாட்டேன்!”

மாலை வந்தது. செம்பன் அசையாமல் காத்திருந்தான். மாசிலாமணி சாவியை எடுத்தார். கதவுப் பக்கம் நடந்தார். விளக்கின் பக்கம் திரும்பவே இல்லை. அணைக்காமல் போவது அவருக்குப் பழகிவிட்டது.

“அணைங்க! ஐயா, விளக்க அணைங்க!” என்று செம்பன் கத்தினான். மீனின் குரல் மனிதருக்குக் கேட்குமா? அவன் கண்ணாடியில் மோதினான். துள்ளினான். தண்ணீர் மூடியில் தெறித்தது.

மாசிலாமணி திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “எரியுதுடா செம்பா! அணைக்கல, பயப்படாத!”

“அண்ணே! நீயாவது சொல்லேன்! நீ சொன்னா கேப்பாரு!” என்று செம்பன் பல்லியிடம் கெஞ்சினான்.

பல்லியின் வாயில் ஒரு ஈசல் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, “ச்சு ச்சு ச்சு!” என்றது.

“பாத்தியா, பல்லியும் சொல்லுது” என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார் மாசிலாமணி.

செம்பன் அல்லியிடம் திரும்பி வந்தான். மெல்ல முட்டித் தள்ளி அவளைக் கல்லுக்கு அடியில் சேர்த்தான். அவன் மோதியதில் கல் சரிந்து, இப்போது அங்கும் வெளிச்சம் பட்டது. அவன் அவளுக்கு மேலே போய் நின்றான். தன் உடம்பின் நிழல் அவள் கண்ணில் விழும்படி நின்றான். புளிய இலை அளவு நிழல்தான். அது விலகிவிடாமல் இருக்க இரவெல்லாம் துடுப்பை மட்டும் அசைத்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

“இப்பக் கொஞ்சம் இருட்டா இருக்குங்க” என்றாள் அல்லி.

“தூங்கும்மா.”

அவள் தூங்கினாள். காலையில் எழவில்லை.

மாசிலாமணி அவளை எடுத்துப் போய்த் தேக்கு மரத்தடியில் புதைத்தார். பாசியைச் சுரண்டி, தண்ணீரை மாற்றினார். தொட்டி பளிங்கு போல் ஆயிற்று. இந்த முனையில் நின்றால் அந்த முனை தெரிந்தது. பார்ப்பதற்குத்தான் யாரும் இல்லை.

அன்று மாலை அவர் பழையபடி விளக்கை அணைக்கலாமா என்று சுவிட்சில் கைவைத்து நின்றார். பல்லி பதறியது.

“துள்ளு செம்பா! முட்டு! ஏன்டா சும்மா கிடக்கற?”

செம்பன் கல்லுக்கு அடியில், அல்லி கிடந்த இடத்தில் கிடந்தான். அசையவில்லை.

“ச்சு ச்சு ச்சு!” என்றது பல்லி.

மாசிலாமணி சுவரை அண்ணாந்து பார்க்கவில்லை. மீனைத்தான் வெகுநேரம் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார். துண்டை எடுத்துப் போர்த்தினார்.

“தூங்கு சாமி” என்றார்.

இருட்டில் செம்பன் வாலை மெல்லப் பக்கத்தில் நகர்த்திப் பார்த்தான். தண்ணீர்தான் பட்டது.

உடன் வாழ்பவர் என்ன கேட்கிறார் என்பதை அவர் இருக்கும்போதே காதுகொடுத்துக் கேளுங்கள். நம் பயம் தீர நாம் செய்வதெல்லாம் அவருக்குச் செய்ததாகிவிடாது.