எதிரி நாட்டுக்குப் போன நூலக மென்பொருள்

பூங்கோட்டு மன்னர் கோதைமாறருக்குப் படையைவிட நூலகம்தான் உயிர். அரண்மனைச் சுவடிகளை எல்லாம் படம்பிடித்துக் கணினியில் ஏற்றிவிட்டார். கேட்ட நூலைத் தேடித் தரும் மென்பொருளை எழுதியவர் நூலக அமைச்சர் தத்தர். தத்தருக்கு இருந்த செல்வாக்கைக் கண்டு படைத்தலைவர் வல்லபருக்கு ஒரே வயிற்றெரிச்சல். ஒருநாள் சபை நடுவே ஒரு புகாரைக் கிளப்பினார்.

“மன்னா, தத்தர் நம் மென்பொருளைக் கருங்குன்ற நாட்டுக்குக் கொடுத்துவிட்டார். எதிரிக்கு! உள்ளே எழுதியிருப்பது ஒரு வரி விடாமல்!”

மன்னர் தத்தர் பக்கம் திரும்பினார்.

“உண்மையா, தத்தரே?”

“உண்மைதான் மன்னா. அது திறந்த மூல மென்பொருள். யார் கேட்டாலும் கொடுப்பேன்.”

“துரோகத்துக்கு என்ன தண்டனை தெரியுமா?”

“நாடு கடத்தல். சட்ட நூல் மூன்றாம் அலமாரியில் இருக்கிறது.”

வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, தத்தர் மனதில் ஓடியது வேறு. இத்தனை சுவடிகளையும் விட்டுவிட்டு எங்கே போய்ப் பிழைப்பது?

“கடைசியாக ஏதாவது சொல்ல வேண்டுமா?”

“தங்கள் கவிதை நூல் போன மாதம் எந்த வரிசையில் இருந்தது என்று நூலகரைக் கேளுங்கள், மன்னா.”

நூலகர் முன்னே வந்தார். “காலமான புலவர்கள் வரிசையில்.”

“என்ன!”

“பிழை என்னுடையது” என்றார் தத்தர். “இறந்த ஆண்டுக்கான கட்டம் காலியாக இருந்தால், எப்போது இறந்தார் என்று தெரியவில்லை என மென்பொருள் எடுத்துக்கொண்டது. திருத்த எனக்கு வழி தெரியவில்லை. தங்களிடம் சொல்ல யாருக்கும் தைரியமும் இல்லை.”

“இப்போது?”

“உயிரோடு இருக்கிறீர்கள். கருங்குன்றத்து மன்னரின் நூலும் அங்கே காலமானவர்கள் வரிசையில்தான் இருந்தது. அங்குள்ள எழுத்தர் மூன்று நாள் உட்கார்ந்து பிழையைக் கண்டுபிடித்தார். திருத்தியவர் அதை எல்லோருக்கும் தர வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. அதனால் நமக்கும் அனுப்பினார். இப்படி நாற்பது திருத்தங்கள் வந்துவிட்டன. எதிரி சோறு போடுகிறார், அவர் ஆட்கள் நமக்கு வேலை பார்க்கிறார்கள். நிறுத்தச் சொல்லட்டுமா?”

மன்னருக்கு மீசை துடித்தது. கோபத்தில் அல்ல. “அந்த எழுத்தருக்கு ஒரு பட்டாடை அனுப்புங்கள்!”

“இப்போது முடியாது மன்னா. எதிரி நாட்டு நூலகத்தைச் சரிசெய்து கொடுத்த துரோகி என்று அங்கே அவர்மேல் வழக்கு.”

“யார் போட்டது?”

“அந்த நாட்டுப் படைத்தலைவர்.” தத்தர் வல்லபரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். “இவரை நான் யாருக்கும் நகல் எடுத்துக் கொடுக்கவில்லை மன்னா. எப்படியோ அங்கேயும் ஒருவர் இருக்கிறார்.”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். பட்டாடை தத்தர் தோளுக்கு வந்தது.