குழாய் இல்லாத முகம்

கோமதிநாயகம் தன் குருவைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு காலைப்பொழுதில். குருவின் மூக்கில் குழாய் இருந்தது. தலையணை நனைந்திருந்தது.

அன்று இருவரும் பேசியதும் குழாயைப் பற்றித்தான்.

அந்தப் பேச்சு மழைக்காலத்திலேயே தொடங்கிவிட்டது.

"சாமி, இந்தக் குழாயை எப்ப மாத்தணும்?"

"அதுகிட்டயே கேளும்" என்றார் குரு.

பக்கவாதம் வந்து குருவுக்கு நாக்கு தடித்துப்போயிருந்தது. விழுங்க முடியவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் புரையேறி நெஞ்சுக்குள் போனது. அதனால் மூக்கு வழியாக வயிறு வரை ஒரு குழாயை இறக்கி, கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார்கள். கஞ்சி, பால், மருந்து எல்லாம் அதன் வழியாகத்தான்.

"பிள்ளையாருக்குத் தும்பிக்கை வெளியே. எனக்கு உள்ளே" என்பார் பார்க்க வருகிறவர்களிடம். அவர்கள் சிரிப்பார்கள். அவர் முகம் அசையாது.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். குருவும் சீடரும் என்று இரண்டே பேர். குரு வயதில் இளையவர். கோமதிநாயகம் மனைவிக்குக் காரியம் முடித்த கையோடு, எங்கே போவதென்று தெரியாமல் அங்கே வந்தவர்.

"வீட்டுல பேச ஆளில்ல சாமி" என்றார் வந்த அன்று.

"இங்கயும் ஆளில்ல. உக்காரும்."

சொல்லிவிட்டுக் குரு சிரித்தார். சிரித்தால் அவருக்கு மூக்கு சுருங்கும். கண் இரண்டும் மூடிக்கொள்ளும்.

கோமதிநாயகம் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து போகவில்லை.

வாதம் வந்தபின் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. குழாயை முதல் தடவை மாற்றியபோது மட்டும் ஒருமுறை வந்தது.

ஊரிலிருந்து நர்ஸ் ஜெபக்கனி வந்து பழைய குழாயை உருவினாள். குரு தும்மினார்.

"அப்பாடி. தும்பிக்கை போச்சு" என்றார்.

மூக்கு சுருங்கியது. கண் மூடியது. கோணிய வாயோடு அந்தச் சிரிப்பு வந்து, ஜெபக்கனி புதுக் குழாயை எடுத்து மருந்து தடவுவதற்குள் போய்விட்டது.

பிறகு குழாய் ஏறியது. குருவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

கோமதிநாயகம் சிரிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் கண் எப்போதும் குழாயின் மேலேயே இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்ப்பார். பிளாஸ்திரி ஓரம் பிரிந்திருக்கிறதா? மூக்கருகில் குழாயில் போட்டிருந்த அடையாளக் கோடு நகர்ந்திருக்கிறதா? கஞ்சி மெதுவாக இறங்குகிறதா? ஏதாவது ஒன்று தென்பட்டால் ஜெபக்கனிக்குப் போன் போட்டுவிடுவார்.

"நெறம் மாறிருச்சும்மா."

"மாறத்தான் செய்யும் அண்ணாச்சி. காப்பி குடிச்ச டம்ளரு மாறலையா?"

"கஞ்சி எறங்க மாட்டேங்குது."

ஜெபக்கனி வந்தாள். ஊசிக்குழலில் வெந்நீரை ஏற்றி மெல்ல அழுத்தினாள். தண்ணீர் இறங்கியது.

"கஞ்சியை ரெண்டு தடவை வடிகட்டுங்க. குழாய் நல்லாருக்கு."

"எதுக்கும் மாத்திருவோமே."

"எதுக்கும்னா எதுக்கு? அடைச்சு வெந்நீருக்கும் விடலைன்னா மாத்தணும். கீறல் விட்டா மாத்தணும். வெளியே உருவி வந்துட்டா மாத்தணும். இல்லைன்னா டாக்டர் சொன்ன கெடு வரணும். இதுல எது வந்திருக்கு, சொல்லுங்க."

கோமதிநாயகம் மறுபடி குனிந்து குழாயைப் பார்த்தார்.

"மூக்குக்குள்ள புண்ணு இப்பத்தான் ஆறிட்டு வருது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு வலிக்கும் அண்ணாச்சி. ஊருல உள்ளவங்க குழாயை எடுக்காதே, மாத்தாதேன்னு கையைப் பிடிப்பாங்க. நீங்க என்னடான்னா மாத்து மாத்துங்கீங்க."

"நடுவுல கொஞ்ச நேரம் முகம் தெரியுமேன்னுதாம்மா" என்றார் கோமதிநாயகம்.

ஜெபக்கனி கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கட்டிலில் குரு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை.

மறுநாள் கஞ்சி கொடுத்து முடித்ததும், கோமதிநாயகம் வழக்கம்போலக் குனிந்தார்.

"என்னவே தேடுதீரு?"

"ஒண்ணுமில்ல சாமி. கோடு சரியா இருக்கான்னு."

குருவின் நல்ல கை மெல்ல மேலே வந்தது. கோமதிநாயகத்தின் கண்ணாடியைக் கழற்றியது.

"இப்ப குழாய் தெரியுதா?"

"தெரியல சாமி."

"நான்?"

கோமதிநாயகம் கண்ணை இடுக்கிப் பார்த்தார். கட்டிலில் வெளிச்சமும் நிழலும் கலந்த ஏதோ ஒன்று இருந்தது.

"இருக்கீங்க."

"எப்படித் தெரியும்?"

"பேசுதீங்களே."

குரு அந்தக் கண்ணாடியைத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். ஒரு கையால் சரியாக வைக்க முடியவில்லை. குழாயின் மேல் அது சாய்ந்து நின்றது. அதன் வழியாகச் சீடரை நெடுநேரம் பார்த்தார்.

"நாயகம்."

"சாமி."

"நீரு ஒரே கலங்கலாத் தெரியுதீரு. உம்மை மாத்திருவமா?"

பிறகு அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கட்டில் குலுங்கியது. குழாயின் நுனி பக்கத்திலிருந்த கஞ்சி டம்ளரில் தட்டி டிக் டிக் என்றது. குரு சிரித்துக்கொண்டிருந்தார்.

கோமதிநாயகம் இரண்டு கைகளாலும் கண்ணாடியைத் தேடினார். கையில் கிடைத்து, மாட்டி நிமிர்ந்தபோது சிரிப்பு முடிந்திருந்தது.

குழாயும் முகமும் பழையபடி இருந்தன.

"கண்ணாடியைக் குடுத்திருக்கலாமே சாமி" என்றார் அழுகிற குரலில்.

"காது இருக்குல்லா?" என்றார் குரு.

அன்றிலிருந்து கோமதிநாயகம் ஜெபக்கனிக்குப் போன் போடவில்லை. கஞ்சியை இரண்டு தடவை வடிகட்டினார். கொடுப்பதற்கு முன்னும் பின்னும் வெந்நீர் விட்டார். கன்னத்துப் பிளாஸ்திரி பிரிந்தால், பழையதை நனைத்து மெதுவாக எடுத்து, சற்றுத் தள்ளிப் புதியதை ஒட்டினார். ஆசை போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது இருந்தது. அவர் வேலையைச் செய்தார்.

குளிர் குறைந்த ஒரு காலையில், பாதிக் கஞ்சி உள்ளே போனபோது தலையணை நனைவதைப் பார்த்தார். துடைத்தார். மறுபடி நனைந்தது. நுனி மூடியை ஒட்டி, வெளியே தொங்கும் பகுதியில், குழாய் கீறல் விட்டிருந்தது.

அவர் கஞ்சியை நிறுத்தினார். கீறலுக்கும் மூக்குக்கும் நடுவில் குழாயை மடக்கிக் கட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி பார்த்தார். கீறல்தான்.

"சாமி, மாத்தணும்."

குரு கண்ணைத் திறந்தார்.

"யாருக்கு?"

"குழாய்க்கு."

குரு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப மாத்தும்" என்றார்.

மடத்துக்குள் போன் எடுக்காது. கோமதிநாயகம் ரோட்டு வரைக்கும் நடந்து போய் ஜெபக்கனியை அழைத்தார்.

"நெசமாவா அண்ணாச்சி?"

"நெசமாத்தான்."

"இந்தா வாரேன்."

அவர் திரும்பி வந்தபோது குருவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. கூப்பிட்டார். மூக்கருகில் புறங்கையை வைத்தார். பிறகு கட்டிலின் கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஜெபக்கனி வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் புதுக் குழாயோடு உள்ளே வந்தாள். பார்த்தாள். நாடியைப் பிடித்தாள். புதுக் குழாயைப் பைக்குள் வைத்தாள்.

டாக்டர் வந்து உறுதி செய்துவிட்டுப் போனார்.

"அண்ணாச்சி, எடுத்துரட்டுமா?"

கோமதிநாயகத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"புண்ணு இருக்கும்மா. மெதுவா எடு."

ஜெபக்கனி அவரைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்திரியை நனைத்தாள். நனைந்து ஊறும்வரை காத்திருந்து பிரித்தாள். உயிருள்ளவருக்கு எடுப்பதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகக் குழாயை உருவினாள். அதைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்தாள்.

"பாத்துக்கோங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றாள்.

கோமதிநாயகம் கட்டிலோரத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

பிறகு வெந்நீர் கொண்டுவந்து, துணியை நனைத்து, அந்த முகத்தைத் துடைத்தார். நெற்றியைத் துடைத்தார். மூக்கைத் துடைத்தார். கன்னத்தைத் துடைத்தார்.

கன்னத்தில் பிளாஸ்திரியின் பசை மட்டும் போகவில்லை.