முத்திரை குத்திய நந்தியாவட்டை

முன்னொரு காலத்தில், சட்டம் போடுவதென்றால் சர்க்கரைப் பொங்கல் கிடைத்தது போல மகிழ்கிற ராஜா ஒருவர் இருந்தார். அறுவடைக்கு ஒரு மரக்கால் நெல் அரண்மனைக்கு அளந்த வீட்டில் யாருக்கு நோய் வந்தாலும் வைத்தியச் செலவு அரண்மனையுடையது என்றார். நல்ல சட்டம்தான். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! வைத்தியர் தம் கையால் போடும் மருந்து அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து முத்திரையோடுதான் வர வேண்டும் என்று மந்திரி ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். களஞ்சிய அதிகாரி யார்? மந்திரியின் மைத்துனர்.

அப்படி நெல் அளந்த வீட்டு நெசவுக்காரி செங்கமலத்துக்குக் கண் மங்கியது. அப்போதே பறித்த நந்தியாவட்டைப் பூவின் சாற்றைத் தம் கையால் அளவு பார்த்து விட்டால் தெளியும் என்றார் வைத்தியர். அவர் வீட்டு வாசலிலேயே அது பூத்துக் குலுங்கியது. ஆனால் பறித்துப் போட்டால் அவர் தொழில் போய்விடும். களஞ்சியத்துப் பூ முத்திரை வாங்கி வர இரண்டு நாள் ஆனது. வந்தது சருகு.

"தறி முன்னாடி உக்காந்தா இழையே தெரியலய்யா" என்று அவள் அரண்மனை விகடகவி மாங்குடியானிடம் அழுதாள். அவன் நேரே சபைக்குப் போய் முறையிட்டான்.

அவன்மேல் வெகுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த மந்திரி குறுக்கிட்டார். "அரசே, சட்டத்தை மீறாமல் எட்டு நாளில் அவள் கண்ணை இவன் தெளிய வைக்கட்டும். முடியாவிட்டால் நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மாங்குடியான் வைத்தியர் வீட்டுச் செடியை வேரோடு மண்ணோடு பெயர்த்துத் தொட்டியில் வைத்தான். 'செங்கமலத்தின் கண் மருந்து' என்று ஓலை கட்டிக் களஞ்சியத்தில் ஒப்படைத்தான். மைத்துனருக்கு ஓலையைப் பார்த்துத்தான் பழக்கம், பொருளைப் பார்த்துப் பழக்கமில்லை. இரண்டாம் நாள் தொட்டிமேல் முத்திரை குத்தி அனுப்பினார். செடி அதற்குள் நாலு மொட்டு கூடுதலாக விட்டிருந்தது! வைத்தியர் தினமும் பூப்பறித்துத் தம் கையாலேயே சாறு விட்டார்.

எட்டாம் நாள் சபையில் மந்திரி குதித்தார். "செடி எப்படி மருந்தாகும்? இது மோசடி!"

"மந்திரியாரே, முத்திரை தங்கள் மைத்துனருடையது. மருந்தல்லாததற்கு அவர் முத்திரை குத்துவாரா?" என்றான் மாங்குடியான்.

ராஜா கேட்டார்: "பெண்ணே, பார்வை தெரிகிறதா?"

"நல்லாத் தெரியுது சாமி. உங்க பட்டுல சரிகை ஒரு இழை பிரிஞ்சிருக்கு. எவனோ அவசரத்துல நெய்ஞ்சிருக்கான்."

ராஜா குனிந்து பார்த்தார். பிரிந்துதான் இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய வைத்திருப்பீரே, மந்திரி! இனி மருந்து எங்கே வாங்குவது என்பதை நோயாளியும் வைத்தியரும் முடிவு செய்யட்டும். செலவு மட்டும் நம்முடையது."

மாங்குடியானுக்கு முத்துமாலை கிடைத்தது. மந்திரிக்கு, அந்தத் தொட்டிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றும் வேலை கிடைத்தது.