இரண்டு படமும் ஒரு தலையும்

நடுவில் யாரும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கடைசியில் கேட்கும்போது சொன்னால் போதும்.

நாமக்கல்லில் பழைய லாரிகளைக் கைமாற்றிவிடும் தரகர் சென்றாயன். ஐம்பத்திரண்டு வயது. வாயை மட்டுமே முதலாகப் போட்டு முன்னுக்கு வந்தவர். கோபம் வந்தால் பைபாஸ் வரைக்கும் குரல் கேட்கும். தொழிலில் அவருக்கு ஒரே சட்டம்தான்: ஒரு வண்டியை முதலில் பார்த்தவன் என்ன மதிப்புச் சொன்னான் என்பதை அடுத்துப் பார்க்க வருகிறவன் காதில் போடக் கூடாது. போட்டால் அவன் சொந்தப் புத்தியை மூட்டை கட்டிவிட்டு முதல் ஆள் சொன்னதையே திருப்பிச் சொல்வான்.

ஓயாத தலைவலிக்காகச் சேலத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தார். மூளை ரத்தக்குழாய் ஒன்றில், டயரின் பக்கவாட்டில் வருமே அதுபோல ஒரு புடைப்பு. நான்கு மில்லிமீட்டர். வெடித்தால் உயிருக்கு ஆபத்து, ஆபரேஷன் செய்தாலும் பேச்சு போய்விடும் பயம் உண்டு என்றார் சேலத்து டாக்டர். சின்னதுதான், இப்போதைக்குத் தொட வேண்டாம், ஒரு வருஷம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

அந்த வருஷத்தை ஓட்டிய பாடு அவருக்குத்தான் தெரியும். தும்மல் வந்தால் நடுங்கினார். ஏய்க்க வந்தவனை அதட்ட வாயெடுப்பார், தலைக்குள் இருப்பது நினைவுக்கு வரும், விழுங்கிக்கொள்வார். அதட்டாத தரகனை எவன் மதிப்பான்? அதட்டினால் உயிர் போகும், அடங்கினால் பிழைப்பு போகும்.

வருஷம் திரும்பியதும் சேலம் பக்கம் தலைவைக்காமல் கோவைக்குப் போனார். முன்பு எடுத்த படம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றார். தலைக்குக் கூண்டு மாட்டிக் குழாய்க்குள் தள்ளினார்கள். மூக்குக்கு நேர் மேலே சுவர். காதுக்குள் சம்மட்டி அடி. அசையக் கூடாது, பேசக் கூடாது. முப்பது வருஷமாக எங்கே மாட்டினாலும் பேசியே வெளியே வந்தவர், பேச ஆளில்லாமல் அரைமணி நேரம் கிடந்தார்.

கோவை டாக்டர் படத்தைப் பார்த்து ஆறு மில்லிமீட்டர் என்றார். சின்னதுதான், அவசரமில்லை, ஆறு மாசம் கழித்து வாருங்கள் என்றார்.

சென்றாயனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. ஒருவரையொருவர் அறியாத இரண்டு டாக்டர்கள், ஒரே வார்த்தை!

வீட்டில் அவர் மனைவி பாவாயி, ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பீரோவிலிருந்த சேலத்துக் கவரையும் புதுக் கவரையும் பிரித்து வெகுநேரம் பார்த்தாள். இரண்டையும் ஒரே பையில் போட்டாள். நாளைக்கே டாக்டரிடம் போக வேண்டும், ஆறு மாசமெல்லாம் ஆகாது என்றாள்.

"ரெண்டு பெரிய டாக்டருங்க சொல்லியாச்சு. அவங்களைவிட நீ படிச்சுக் கிழிச்சவளா?"

"படிக்கலீங்க. ஆனா ரெண்டையும் பாத்தவ நான் ஒருத்திதானுங்க."

சேலத்து டாக்டர், கோவை டாக்டர், பாவாயி. இந்த மூவரில் யார் பேச்சைக் கேட்பது சரி?

விடை: பாவாயி பேச்சை. டாக்டர்கள் தப்பாகச் சொல்லவில்லை. அவரவர் கையிலிருந்த ஒற்றைப் படத்துக்கு அந்தப் பதில் பொருந்தும். நான்கும் சின்னது, ஆறும் சின்னது. ஒரே வருஷத்தில் நான்கு ஆறானது சின்ன சங்கதி இல்லை. வளர்கிற புடைப்பைத்தான் நம்பக் கூடாது. வளர்ந்ததைக் காட்டவிடாமல் ஒளித்தது சென்றாயனின் தரகுப் புத்தி. மறுநாள் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த கோவை டாக்டர், அன்றைக்கே மருந்து ஏற்றி இன்னொரு படம் எடுத்தார். புடைப்பின் சுவர் வெள்ளையாக ஒளிர்ந்தது; அது வெடிக்கக்கூடும் என்பதற்கு அடையாளம். ஆபரேஷனை இனித் தள்ளிப்போட முடியாது, ஆனால் நூற்றில் ஐந்து பேருக்குப் பேச்சு போகலாம் என்று சொல்லிச் சம்மதக் காகிதத்தை நீட்டினார். "அதை மூணாக்கித் தர முடியாதுங்களா?" என்றார் சென்றாயன். டாக்டர் சிரிக்கவில்லை. அது என் கையில் இல்லை என்றார். பாவாயி பேனாவின் மூடியைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தாள்.